சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் எப்படி உட்காருவது

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் 31 வருடம் வேலை செய்தேன். காம்பராக்கள் என்கிற அறைகள் வரிசையாக அமைந்த எங்கள் லயங்களில் எல்லோருக்கும் நான் ஆயம்மா. விடியற்காலையில் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்கு ஓடும் தாயின் முகத்தைப் பார்த்தால், முந்திய இரவு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா, அடி விழுந்ததா என்று சொல்லிவிடுவேன். நான் வைத்தியம் படித்தவள் அல்ல. உளவளத்துணை பற்றி இரண்டு நாள் பயிற்சி பெற்றிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் 1993ஆம் ஆண்டு என் தம்பியை இழந்தேன். அதற்குப் பிறகு ஒன்பது பேரின் பக்கத்தில், அவர்கள் வாழ்வதா சாவதா என்று தவித்த இரவுகளில், உட்கார்ந்திருக்கிறேன். "எங்கள் லயத்தில் ஒருவர் இப்படிச் சொல்கிறார், என்ன செய்வது ஆயம்மா?" என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால் மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். இலங்கையில் மனநல உதவிக்கான 1926 என்ற எண்ணை இப்போதே அழையுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் கதவைத் தட்டி, "என்னைத் தனியாக விடாதீர்கள்" என்று சொல்லுங்கள். அது போதும்.

தம்பியின் கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. 1992இல் அவன் முதல் முறை முயன்றான். காப்பாற்றிவிட்டார்கள். அந்தக் காலத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதே இந்த நாட்டில் குற்றம். தண்டனைச் சட்டக்கோவையில் ஒரு வருடம் வரை சிறை என்று இருந்தது. 1998இல்தான் அதை நீக்கினார்கள். அதனால் வைத்தியசாலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் பொலிஸ்காரர் நின்றபோது அப்பா கைகூப்பி, "தவறுதலாக நடந்துவிட்டது ஐயா" என்றார். அந்தப் பொய்யை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். நான்காம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏன் செய்தாய் என்று அங்கே ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை.

வீட்டிலும் கேட்கவில்லை. அப்பாவுக்கு அவமானம்; லயத்து ஆட்களின் முகத்தில் விழிக்க முடியவில்லை என்று குடித்தார். அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பூசாரி வந்து, ஆயுள் முடியாமல் போகிற உயிர் ஆவியாக அலையும் என்று புத்தி சொன்னார். எனக்குக் கோபம். "எங்களை நினைத்துப் பார்த்தாயா?" என்று கத்தினேன். அவன் முட்டியைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எட்டு மாதம் கழித்து அவன் இல்லை. எங்களில் ஆளுக்கொரு தீர்ப்பு இருந்தது; அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

முதலில் உங்கள் மனதில் இருக்கும் தீர்ப்பைப் பாருங்கள்

இந்த விடயத்தில் அபிப்பிராயம் இல்லாத மனிதர் இல்லை. நம் மொழியிலேயே தீர்ப்பு இருக்கிறது. 'தற்கொலை' என்ற சொல்லுக்குள் கொலை உட்கார்ந்திருக்கிறது. பத்திரிகையைத் திறந்தால் "தவறான முடிவெடுத்து உயிரை மாய்த்தார்" என்று போடுகிறார்கள். இறந்தவர் என்ன முடிவெடுத்தார், எடுக்கிற நிலையில் இருந்தாரா என்று விசாரிப்பதற்கு முன்பே 'தவறு' என்று எழுதியாகிவிட்டது. நான் 'உயிர்மாய்ப்பு' என்ற சொல்லையே எழுதுகிறேன். அந்த வீட்டார் காதில் விழும்போது அது கொஞ்சம் குறைவாகக் குத்துகிறது.

பாவம் என்பவர்கள்தான் அதிகம். நம் கோயில்களில் ஆத்மஹத்தி என்பார்கள். சில லயங்களில் அப்படி இறந்தவரின் உடலைக் காம்பராவுக்குள் எடுப்பதில்லை, வாசல் திண்ணையான இஸ்தோப்போடு அனுப்பிவிடுகிறார்கள். இஸ்லாத்தில் குர்ஆன், உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்கிறது. ஆனாலும் அப்படி இறந்தவருக்கும் ஜனாஸாத் தொழுகை உண்டு என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் முடிவு. என்னோடு வேலை செய்த வேதக்காரப் பெண் ஒருத்தி, தன் பெரியப்பாவைச் சேமக்காலை என்கிற கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே புதைத்ததைச் சொல்லி அழுவாள். வேண்டுமென்றே உயிரை மாய்த்தவருக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்று 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பு சொன்னது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992இல் வெளியான மறைக்கல்வி ஏடு, கடும் மனக்கலக்கமும் வேதனையும் பயமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இதை அவளுக்கு எடுத்துச் சொன்னது ஹட்டனிலிருந்து வந்த ஒரு சாமியார். அவள் பெரியப்பாவின் பெயரில் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு வந்த அன்று, பிள்ளைகளுக்கு எல்லாம் பணிஸ் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பௌத்தத்தில் உயிர்க்கொலை செய்யாதிருப்பது முதல் சீலம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிக்குமாருக்கான விதி ஒன்று. ஒருவரிடம் சாவைப் புகழ்ந்து பேசி அவரைச் சாகத் தூண்டி, அவரும் அதனால் இறந்துவிட்டால், அந்தப் பிக்கு பிக்குத்தன்மையை இழக்கிறார். ஒரு மனிதரைக் கொல்வதற்குச் சமமாக அதை வைத்திருக்கிறார்கள்.

தமிழர்களாகிய நாம் அந்த விதியைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நமக்குச் சாவைப் புகழ்ந்து பழக்கம். மயிர் நீப்பின் வாழாத கவரிமாவைப் பாடசாலையிலேயே படித்துவிடுகிறோம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும், பிசிராந்தையார் பின்னாலேயே வந்து உயிர் விட்டதும் நட்புக்கும் மானத்துக்கும் உதாரணம். அந்தப் பாட்டுகளின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று காதல் வெளியே தெரிந்து அடிவாங்கிய மறுநாள், "மானமுள்ளவளாக இருந்தால் இந்நேரம்..." என்று அவளுடைய சொந்த அத்தையே இஸ்தோப்பில் நின்று சொன்னதை என் காதால் கேட்டேன். பாவம் என்று பயமுறுத்துவதைவிட இது மோசம். மானத்தின் பெயரால் இப்படிப் பேசுகிறவரை அந்த இடத்திலேயே வாயை மூடச் சொல்லுங்கள். மரியாதை பார்க்க வேண்டாம். நான் அன்று பார்க்கவில்லை.

எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மனிதனின் உயிர் அவனுடையது, அதைப் பற்றி முடிவெடுக்கவும் அவனுக்கு உரிமை உண்டு என்பார். மருந்தில்லாத நோயில் கிடந்து துடிக்கிற முதியவரைப் பற்றிப் பேசும்போது அவருக்கு எதிராகச் சொல்ல என்னிடம் பெரிய வாதம் இல்லை. ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்த ஒன்பது பேரும் அப்படிப்பட்டவர்கள் அல்லர். கடன், அடி, குடி, காதல், பரீட்சை, பிள்ளை பெற்ற பிறகு வந்த இருட்டு. அவர்கள் கேட்டது வலி நிற்க வேண்டும் என்பதை. அதற்குச் சாவைத் தவிர வேறு வழி அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்னொரு பார்வை எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவருடையது. "இது தானாகச் சாவதில்லை அக்கா, சாகடிக்கிறார்கள்" என்பார். 1823இலிருந்து இந்த மலையில் உழைக்கிற சனம் இன்னும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேராகக் கிடக்கிறதே என்று ஆத்திரப்படுவார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடனில் மூழ்கியவருக்கு, "இது உன் ஒருவருடைய குற்றம் இல்லை" என்று கேட்பது சில சமயம் மூச்சு விடுவது போல இருக்கும். ஆனால் நடுச்சாமத்தில் அழுதுகொண்டிருப்பவரிடம் தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசுவது போலப் பேசக் கூடாது.

இவற்றில் எது உங்களுடையது என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. மலையிலிருந்து வரும்போது படங்கையும் கூடையையும் இஸ்தோப்பில் வைத்துவிட்டுத்தானே உள்ளே போகிறோம். அதையும் அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது

"இனி என்னால் உங்களுக்குத் தொல்லை இருக்காது" என்று சொல்பவரைக் கவனியுங்கள். பேர் விழாது, அந்த நாள் சம்பளம் இல்லை என்று தெரிந்தும் இரண்டு மூன்று நாள் வேலைக்குப் போகாமல் போர்த்திக்கொண்டு கிடப்பவர், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து ஒருவரோடும் பேசாமல் இருக்கும் பெண், கொழும்புக் கடையிலிருந்து காரணம் சொல்லாமல் திரும்பி வந்த பையன், சம்பள நாள் கழிந்தும் விடாமல் குடிக்கிறவர். முன்பு ஒரு முறை முயன்றவர் என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். "ஒரு தடவை பட்டுவிட்டான், இனிச் செய்யமாட்டான்" என்று நாங்கள் நினைத்ததுதான் என் தம்பி விடயத்தில் செய்த பெரிய பிழை. "சாகிறேன் என்று சொல்கிறவன் சாகமாட்டான்" என்பதும் அதே போன்ற பிழை. சொல்கிறவர்தான் உதவி கேட்கிறார்.

பல நாள் கலங்கிக் கிடந்தவர் திடீரென்று அமைதியானால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அன்றைக்குப் போய்ப் பாருங்கள். பொருள்களைக் கொடுத்துத் தீர்ப்பது, வாங்கியதைத் திருப்புவது, இவையும் அப்படித்தான்.

எனக்கு ஒரு தோசைக்கல் திரும்பி வந்தது. ஐப்பசி மழைக் காலம். எங்கள் லயத்துத் தொங்கலில், அதாவது கடைசிக் காம்பராவில் இருந்த பெண் இரண்டு வருடத்துக்கு முன் இரவல் வாங்கிய கல். நான் மறந்தே போயிருந்தேன். அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி, பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். "நாளாகிவிட்டது அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றாள். தோசைக்கல்லுக்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? அவள் புருஷன் கொழும்பில். மூன்று இடத்தில் நுண்கடன். ஒவ்வொரு புதன்கிழமையும் வசூலிக்க வருகிறவர்கள் பணம் கையில் கிடைக்கும்வரை இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார்கள், லயமே பார்க்கும். கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவள் போவதைப் பார்த்தேன். அவள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போனாள். எனக்குத் தண்ணீர் தேவையில்லை; ஆனாலும் வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது

லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள சுவர் பல இடங்களில் கூரையைத் தொடுவதில்லை. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அங்கே வைத்து ஒருவரிடம் மனதைத் திறக்கச் சொல்லாதீர்கள். பீலி, விறகுக்குப் போகிற வழி, மரக்கறிப் பாத்தி, கோயில் மேடு, இப்படி எங்காவது போங்கள். முகத்துக்கு நேரே உட்கார வேண்டாம். பக்கத்தில் நில்லுங்கள், கையில் ஒரு வேலை இருக்கட்டும். துணி பிழிந்துகொண்டும் கீரை ஆய்ந்துகொண்டும் பேசுவது நம் பெண்களுக்கு எளிது. ஆண்கள் நடந்துகொண்டே பேசுவார்கள்.

நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள், அப்படி நடப்பதில்லை. அந்த எண்ணத்தோடு இருப்பவருக்கு, அதை ஒருவர் வாய்விட்டுக் கேட்டதே பாதிப் பாரம் குறைந்தது போல இருக்கும். "ஏதாவது முட்டாள்தனமாக யோசிக்கிறாயா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். யார்தான் தன்னை முட்டாள் என்று ஒப்புக்கொள்வார்கள்?

நான் பீலியடியில் கேட்டது இவ்வளவுதான்: "தங்கச்சி, செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா?"

அவள் பதில் சொல்லவில்லை. வாளி நிரம்பி வழிந்தது. அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வாளிக்குள் ஒரு தேயிலைப் பூ விழுந்து சுற்றிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பேசாமல் நிற்பது கஷ்டம்; நாக்கு துடிக்கும். நில்லுங்கள். மூன்று நிமிடம் இருக்கும், அதற்குப் பிறகு, "ஆமாம் அக்கா" என்றாள்.

இந்த இடத்தில் நானும் பிழை விட்டேன். வாய் தானாக, "பிள்ளைகளை நினைத்துப் பார்" என்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "பிள்ளைகளை நினைத்துத்தான் அக்கா" என்றாள். தான் போய்விட்டால் கடன்காரர்கள் வரமாட்டார்கள், பிள்ளைகள் பாட்டி வீட்டில் நிம்மதியாகப் படிப்பார்கள் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தான் ஒரு சுமை என்று நம்புகிறவரிடம் பிள்ளைகளைக் காட்டினால் அந்தச் சுமைதான் கூடும். அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை நான் சொல்வதில்லை. பிள்ளைகளைப் பற்றி அவர்களே பேச்செடுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

"இதெல்லாம் ஒரு கஷ்டமா?", "நான் படாததையா நீ பட்டுவிட்டாய்?", "ஊர் என்ன சொல்லும்?", "கோழைதான் சாவான்" ஆகியவையும் வேண்டாம். சிலர், "தைரியம் இருந்தால் செய்து பார்" என்று சவால் விடுகிறார்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

"ஆமாம்" என்று வந்தால் அடுத்து இரண்டு கேள்வி. இன்றைக்கா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா? இவற்றைக் கேட்க நெஞ்சு நடுங்கும். கேட்டே ஆக வேண்டும். இன்றைக்கு என்றாலோ, வழியும் பொருளும் தயாராக இருக்கிறது என்றாலோ, அந்த ஆளை ஒரு நிமிடமும் தனியாக விடக் கூடாது.

"ஒருவரிடமும் சொல்லாதீர்கள்" என்று கேட்பார்கள். சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "லயம் முழுக்கச் சொல்லமாட்டேன். உன்னைக் காப்பாற்ற யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்வேன், அதையும் உனக்குச் சொல்லிவிட்டே செய்வேன்" என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

"இது பாவமா அக்கா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்போது பூசாரியாக மாறிவிடாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். சிலருக்கு அந்தப் பயம்தான் கையைப் பிடித்து நிறுத்துகிறது. அதை நீங்கள் கழற்றிவிட வேண்டாம். சிலருக்கு, நினைத்ததற்கே சாமி தண்டிக்கும் என்ற பயம் இன்னொரு சுமையாக ஏறியிருக்கும். அவர்களிடம், நினைப்பு வந்ததற்காக எந்தச் சாமியும் கோபிக்காது என்று நான் உறுதியாகச் சொல்வேன். என் அபிப்பிராயம் என்ன என்று வற்புறுத்தினால் ஒன்றுதான்: "எனக்கு நீ இருக்க வேண்டும்."

அந்த இரவு

அவள் வைத்திருந்ததை அன்று மாலையே என் வீட்டுக்கு எடுத்து வந்து, பிறகு தலைவர் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினோம். இது மிக முக்கியமான வேலை, வாதாடாமல் செய்யுங்கள். மரக்கறித் தோட்டம் செய்கிறவர்கள் பயிருக்கு அடிக்கும் மருந்துப் போத்தலைக் காம்பராவுக்குள், அடுப்புக்கு மேலே, கட்டிலுக்கு அடியில் என்று வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வீட்டில் மட்டும் எடுத்துப் பயனில்லை, இரண்டு பக்கத்துக் காம்பராக்களிலும் எடுக்கச் சொல்லுங்கள். குளிசைகளையும் வேறு ஆளின் பொறுப்பில் கொடுங்கள்.

"சாக நினைப்பவன் எப்படியும் சாவான், பூட்டி என்ன பயன்?" என்பார்கள். இந்த நாட்டின் அனுபவமே அதற்கு மறுமொழி. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் இப்படி இறந்தார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மிகக் கடுமையான விவசாய நஞ்சுகளை 1980களிலிருந்தே ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டு வந்தார்கள். 1995இலும் 1998இலும் வந்த தடைகளுக்குப் பிறகு, பத்து வருடத்தில் அந்த விகிதம் பாதியாக இறங்கியது. அதற்குள் நாட்டின் வறுமையும் போகவில்லை, யுத்தமும் முடியவில்லை, கணவன்மார் குடியையும் விடவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் இருந்த பொருள்தான் போனது. உயிர் தப்பியவர்களிடம் நம் வைத்தியசாலைகளில் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் அரை மணி நேரம்கூட யோசிக்காமல் செய்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படித் தப்பியவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பிறகு அந்த வழியில் சாவதும் இல்லை. ஆகவே அந்த அரை மணி நேரத்தைக் கடத்துங்கள். அதற்குப் பிறகு இன்னொரு அரை மணி நேரம்.

அன்று இரவு நான் அவள் காம்பராவிலேயே படுத்தேன். பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டோம். மழைக்குக் காய்ச்சல் வராமல் இஞ்சி போட்டுத் தேநீர் ஊற்றினோம். பிள்ளைகள் தூங்கிய பிறகு அவள் கடன் அட்டைகள் மூன்றையும் எடுத்துவரச் சொன்னேன். கொழுந்து நிறுத்த பழைய துண்டு ஒன்றின் பின்பக்கத்தில் கூட்டினோம். அதுவரை அவள் கூட்டிப் பார்த்ததே இல்லை. தொகை பெரியதுதான். ஆனால் அது ஒரு தொகை, முடிவுள்ள தொகை. அவள் அந்த எண்ணை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நான் ஒரு வழியும் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தெரியவும் இல்லை. விடியற்காலை இரண்டு மணிக்கு அவளாகவே, "இதில் ஒன்றை என் அண்ணனிடம் சொன்னால் கட்டுவான், சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது" என்றாள்.

யாரை அழைப்பது, எப்படிக் கூட்டிப்போவது

உயிருக்கு உடனடி ஆபத்து, அல்லது ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டார் என்றால் 1990 அம்புலன்ஸ், காசு கேட்கமாட்டார்கள். வீட்டு வைத்தியம், வாந்தி எடுக்க வைப்பது என்று எதையும் செய்யாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து ஒளிக்க வேண்டாம். நடந்ததை வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுங்கள். சட்டம் 1998இலேயே மாறிவிட்டது, ஆனால் அந்தப் பயம் இன்னும் நம் லயங்களில் இருக்கிறது.

பேசுவதற்கு 1926, தேசிய மனநல நிறுவகத்தின் எண், இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம். 1333 என்று இன்னொரு இலவச எண்ணும் இருக்கிறது. 1974இலிருந்து சுமித்ரயோ என்ற அமைப்பின் தொண்டர்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள்; புத்தி சொல்லாமல் காது கொடுப்பதுதான் அவர்கள் வழி. எடுத்தவுடன் "தமிழில் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். சிங்களத்தில் பதில் வந்தாலும் துண்டிக்காமல் காத்திருங்கள். எங்கள் தோட்டத்தில் கோயில் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். மறுநாள் காலை அவளோடு அங்கே ஏறினேன். அவள் பேசும்போது நான் பத்து அடி தள்ளி ஒரு மரத்தடியில் நின்றேன். பேச்சைக் கேட்காத தூரம், முகத்தைப் பார்க்கிற தூரம்.

பிறகு வைத்தியசாலை மனநலக் கிளினிக். "போய்விட்டு வா" என்று அனுப்பினால் போகமாட்டார்கள், கூடப் போங்கள். இரண்டு பஸ், அரை நாள் வரிசை, ஒரு நாள் சம்பளம் போகும். தலைவரிடம் சொல்லி, தோட்ட நிர்வாகியான துரையிடம் "உடம்பு சரியில்லை" என்று பேச வையுங்கள். அது பொய்யும் இல்லை. எந்த நாளில் கிளினிக் என்று குடும்பநல மாதுவைக் கேட்டால் சொல்வார். மொழிபெயர்க்க ஓர் ஆள் தேவைப்படலாம். அவளுடைய பிள்ளையை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். தாயின் வாயிலிருந்து வருவதைப் பத்து வயதுப் பிள்ளை சிங்களத்தில் திருப்பிச் சொல்வதை ஒரு முறை பார்த்தேன், அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மருந்து கொடுத்தால் ஒரே வாரத்தில் மாற்றம் தெரியாது, சில வாரம் ஆகும் என்பதை முன்பே சொல்லி வையுங்கள். "பைத்தியத்துக்கு மருந்து எடுக்கிறாள்" என்று லயத்தில் ஒரு பேச்சு எழும். பிரஷர் குளிசை போல இதுவும் ஒரு குளிசை என்று நான் வாசலில் நின்று உரக்கச் சொன்னேன்.

சில வாரங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டு வைத்துக்கொண்டு போய்வாருங்கள். உப்புக் கேட்டுப் போகலாம். இருவர் மூவர் முறை போட்டுக்கொண்டால் ஒருவருக்கே பாரமாகாது. உங்கள் மனதில் உள்ளதைச் சொல்லவும் ஒருவர் வேண்டும். எனக்கு அந்த வேதக்காரப் பெண் இருந்தாள்.

காப்பாற்ற முடியாமல் போனால்

அதுவும் நடக்கும். ஒன்பது பேரில் ஒருவர் இன்று இல்லை. எல்லாம் செய்திருந்தோம். அந்த வீட்டுக்கு மற்ற எழவு வீட்டுக்குப் போவது போலவே போங்கள். தப்புப் பறை அடிக்க வேண்டும், மரண உதவிச் சங்கத்துப் பணம் மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே முழுதாகப் போக வேண்டும், தேநீர் ஊற்ற லயத்துப் பெண்கள் நிற்க வேண்டும். எப்படிச் செய்துகொண்டான், கடைசியாக என்ன சொன்னான் என்று கிளறாதீர்கள், போட்டோவைப் பகிராதீர்கள். திடீர் மரண விசாரணைக்கு அலைகிறவர்களோடு ஒருவர் கூடப் போங்கள். தம்பியின் உடலை எங்கள் காம்பராவுக்குள் எடுக்க விடவில்லை. மழையில் இஸ்தோப்பில் கிடந்தான். அம்மா தன் சேலையை அவிழ்த்துக் கூரை விளிம்பில் கட்டினாள். அந்த வீட்டார் பதினாறாம் நாளுக்குப் பிறகும் இருப்பார்கள். அவனுடைய பெயரைச் சொல்லிப் பேசுங்கள். "உங்கள் தம்பி ஓணான் பிடிக்கக் கெட்டிக்காரன்" என்று பதினான்கு வருடம் கழித்து ஒருவர் சொன்னபோதுதான் அம்மா அழுது முடித்தாள் என்று நினைக்கிறேன்.

எங்கள் லயத்துக் கலண்டர் ஒவ்வொன்றிலும் 1926, 1333, 1990 என்ற மூன்று எண்களையும் சிவப்புப் பேனையால் எழுதிவைத்திருக்கிறேன். வருடம் பிறந்ததும் புதுக் கலண்டரில் மறுபடி எழுதுவேன். போன தை மாதம் எழுதப் போனபோது தொங்கல் காம்பராக்காரி எனக்கு முன்பே முழு லயத்துக்கும் எழுதி முடித்திருந்தாள். மூன்று எண்களுக்கும் கீழே நான்காவதாகத் தன் கைத்தொலைபேசி எண்ணையும் போட்டு, பக்கத்தில் "இரவிலும் கூப்பிடலாம்" என்று எழுதியிருந்தாள்.